பிழை நோட்டு

எண்ணிக்கொண்டிருக்கிற மனுஷனிடம் எதையும் கொடுக்கக் கூடாது என்பது பெரிய டீச்சருக்குத் தெரியாததல்ல. இருபத்திரண்டு வருடக் குடித்தனம். மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற அவள் புருஷன் சுற்று எண்ண ஆரம்பித்துவிட்டால் யார் வந்து எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். எண்ணிக்கை போனால் சுற்றிய கம்பி முழுவதையும் அவிழ்க்க வேண்டும். அதனால் சாப்பிட வாங்க என்றாலும் தலையாட்டல், வீடு பற்றிக்கொண்டது என்றாலும் தலையாட்டல். அவருடைய தங்கை கல்யாணத்துக்கு இப்படித்தான் இரண்டு சமையல்காரர்களுக்குத் தலையாட்டி வைத்ததில், கல்யாணத்தன்று இரண்டு பேரும் கரண்டியோடு வந்து நின்று அடித்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவரிடம்தான், பள்ளிக்கு நேரமாகிற அவசரத்தில், அரக்கு முத்திரை வைத்த ஒரு பழுப்புக் கவரை அவள் நீட்டினாள். "கம்பி வாங்க டவுனுக்குப் போறீங்கல்ல, இதைக் கல்வி ஆபீஸ்ல கொடுத்துடுங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள்." தலை ஆடியது. சாயங்காலம் வந்து, "கொடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். அப்போதும் அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். தலை ஆடியது.

காயிலுக்கும் இரும்புக்கும் நடுவில் செருகுவதற்கென்று கடையில் ஒரு கட்டுப் பழுப்புக் காகிதம் இருக்கும். அதோடு அதாகக் கலந்து இருபத்தாறு நாள் அந்தக் கவர் தூங்கியது. இருபத்தேழாவது நாள் கத்தரியைப் போட்டு ஒரு மூலையை நறுக்கிய பிறகுதான் அவர் அரக்கைப் பார்த்தார்.

உள்ளே இருந்தது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் விடைத்தாள். டவுன் விடுதிப் பள்ளிக்கான தேர்வு அது. ஐந்தாம் வகுப்பை முடிக்கிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. தேர்வை அவரவர் பள்ளியிலேயே எழுத வைத்து, தாளை முத்திரையிட்டு ஆபீசில் சேர்க்க வேண்டும். இடம் கிடைத்துவிட்டால் பன்னிரண்டாவது வரைக்கும் சோறு, துணி, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்தப் பள்ளியிலிருந்து எழுதியது இவள் ஒருத்திதான். பள்ளியில் சமைக்கிற சமையலக்காவின் மகள். மளிகைக் கடைக்காரர் மனக்கணக்காகச் சொல்கிற கூட்டலையே நின்று திருத்துகிறவள் என்பதால் ஊரே அவளைக் 'கணக்குப்பிள்ளை' என்று கூப்பிடும்.

தேர்வானவர்கள் பட்டியல் வந்தபோது அதில் அவள் பெயர் இல்லை. கவர் கடையில் தூங்குவது டீச்சருக்கு அப்போது தெரியாது. தாள் போய்ச் சேர்ந்தது, பிள்ளைக்குத்தான் மார்க் போதவில்லை என்று நினைத்து, வகுப்பில் எல்லார் முன்னாலும், "உனக்கு இடம் கிடைக்கலம்மா, விடு" என்று சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. பதினாறு நாளாகிவிட்டது.

கவர் கிடைத்த அன்றைக்கே டீச்சர் ஆபீசுக்குப் போன் போட்டாள். "பட்டியல் போட்டு, சேர்க்கையும் முடிஞ்சு போச்சுங்க. இனிமே கடவுளே வந்து கேட்டாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று எழுத்தர் போனை வைத்துவிட்டார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பெருக்கிய இடத்தையே பெருக்கினாள். அந்த வாரம் முழுக்கச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்த வறண்ட காற்று, பெருக்கப் பெருக்கத் தூசியைப் போட்டுக்கொண்டே இருந்தது. சோற்றில் உப்பை இரண்டு தடவை போட்டாள். அவரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். மடியில் கனம் இருவருக்கும்தான்.

வெள்ளிக்கிழமை அந்த வருடத்தின் கடைசிப் பள்ளி நாள், நோட்டு வாசிக்கிற நாள். அதுதான் அவளை இன்னும் போட்டு ஆட்டியது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு அறுபத்தெட்டு வயது. முதலில் தானியம் காயப்போடுகிற ஒரு கொட்டகையில் பதினோரு பிள்ளைகளோடு தொடங்கியது. மழைக்காலத்தில் மூட்டைகள் உள்ளே வந்தால் பிள்ளைகள் வெளியே போக வேண்டும். முதல் வாத்தியார் கோபக்காரர். கரும்பலகையைப் பார்த்து எழுதாத ஒரு பையனை மாதக்கணக்கில் அடித்திருக்கிறார். கடைசியில் பார்த்தால் அவனுக்குக் கண் தெரியவில்லை. அன்றைக்கு வாத்தியார் ஒரு புது நோட்டை எடுத்து, 'நான் கண் தெரியாத பிள்ளையை அடித்தேன். இனி இங்கே பிரம்பு இல்லை. நாளை அவனைக் கண் வைத்தியரிடம் கூட்டிப் போகிறேன்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். போட்டதோடு விடாமல், பெற்றவர்களை வரவழைத்து அதை நின்று வாசித்தார்.

அதிலிருந்து பள்ளியின் சட்டம் அதுதான். பிழை செய்த வாத்தியார் நோட்டில் எழுத வேண்டும். வரி 'நான்' என்று தொடங்க வேண்டும். அடுத்தவர் மேல் பழி போடக் கூடாது. 'ஆனால்' என்ற வார்த்தைக்கு அந்த நோட்டில் இடம் கிடையாது. வருடத்தின் கடைசிப் பள்ளி நாளில் ஊர் கேட்க வாசிக்க வேண்டும். மூன்றாவதாக வந்த வாத்தியார், திமிங்கலம் மீன் என்று ஒன்பது வருடம் சொல்லிக் கொடுத்துவிட்டார். எழுதியதோடு நிற்காமல் ஒன்பது வருடத்துப் பிள்ளைகளையும் வீடு வீடாகத் தேடிப் போய்த் திருத்தினார். அவர்களில் வளர்ந்து பெரியவராகிவிட்ட ஒருவர் களத்தில் நெல் அளந்துகொண்டே, "சரிங்க சார், இனிமே மாத்திக்கிறேன்" என்றாராம்.

அதெல்லாம் அந்தக் காலம். நாளாக ஆக நோட்டுக்குப் பல் விழுந்துவிட்டது. வாத்தியார்களும் மனிதர்கள்தானே, சிரித்துவிட்டுப் போகிற பிழைகளாகப் பொறுக்கி எழுதினார்கள். 'நான் ஒருநாள் காலை முழுவதும் நேற்றைய தேதியைப் போட்டேன்.' 'நான் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தேடினேன்.' ஜனங்களும் அதைக் கேட்டுச் சிரிக்கத்தான் வந்தார்கள். பெரிய டீச்சரும் பதினோரு வருடமாக இப்படித்தான் எழுதி வந்தாள். தன் பிழைகளில் எது அழகாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்து எழுதினாள் என்பதுதான் உண்மை.

வியாழக்கிழமை காலையில் சமையல் கொட்டகைக்குப் போனாள். சமையலக்கா பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். காற்றில் புகை திரும்பி உள்ளேயே அடித்தது.

"வாங்க டீச்சர். உப்பு பார்க்கறீங்களா?"

"இல்லக்கா, சும்மா வந்தேன். பொண்ணு எப்படி இருக்கா?"

"இருக்கா. சுவத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. மளிகைக் கடைக்குப் போயிட்டு வாடின்னா மாட்டேங்கறா. பசங்க கிண்டல் பண்றாங்களாம். கணக்குப்பிள்ளைக்கே கணக்கு வரலையாம்னு."

டீச்சர் கீழே கிடந்த ஒரு வெங்காயத்தை எடுத்துக் கூடையில் போட்டாள். மறுபடியும் எடுத்து இன்னொரு கூடையில் போட்டாள்.

"ஆறாவது சேர்க்கணும்ல அக்கா. பக்கத்து ஊர் ஸ்கூல் ரெண்டு மைல்தானே?"

"அதெல்லாம் வேணாங்கறா. எனக்குப் படிப்பு ஏறாதும்மா, சும்மா எதுக்குச் செருப்பு தேயணும்னு கேக்கறா. அவ அத்தை நாளைக்கு ராத்திரி வருது. அதுக்குக் கைக்குழந்தை இருக்குல்ல, பார்த்துக்க ஆள் வேணுமாம். ஞாயித்துக்கிழமை காலைல முத பஸ்ல கூட்டிட்டுப் போகுது."

"பத்து வயசுப் பொண்ண அனுப்பவா போறீங்க?"

"அவதான் போறேங்கறா. நான் என்ன பண்ண? அவ படிக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், என் தலையை அடகு வெச்சாவது படிக்க வைப்பேன். அவளே கையை விரிச்சுட்டா நான் எந்தக் கயித்தப் பிடிச்சு இழுக்கறது?" சமையலக்கா மத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன ஆச்சு டீச்சர்? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு."

சொல்லிவிட வேண்டியதுதான். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. நாக்கு எழுந்தது, பல்லைத் தாண்டவில்லை. "வெயில்தான்க்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வகுப்புக்குள் போன பிறகு தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனாள். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வார்னிஷ் வாசனை பிடித்த ஒற்றை அறை, குடலை உருவிப்போட்ட நாலைந்து மோட்டார்கள், கையால் சுற்றுகிற ஒரு ராட்டினம். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவள் ராட்டினத்தின் கைப்பிடியையே பிடித்து நிறுத்திவிட்டாள்.

"அடிப்பாவி! நூத்தி எழுபத்திமூணு!"

"போகட்டும். நாளைக்கு நோட்டுல எழுதப் போறேன்."

அவர் கம்பியை விட்டுவிட்டு ஸ்டூலில் சாய்ந்தார். "ரிட்டயர் ஆக மூணு வருஷம் இருக்கு. ஆபீசுக்குத் தெரிஞ்சா சும்மா விடுவானா? முத்திரை வெச்ச தாளைப் புருஷன்கிட்ட கொடுத்தனுப்பினேன்னு நீயே ஊர் கூட்டிச் சொல்லு. மெமோவைத் தேடிப்போய் வாங்கிட்டு வா."

"அந்தப் புள்ள தனக்குப் படிப்பு ஏறாதுன்னு சொல்லுதாம். ஞாயித்துக்கிழமை குழந்தை பார்க்கப் போகுதாம்."

அவர் விரலில் ஒட்டியிருந்த வார்னிஷை உரித்தார்.

"அப்ப என் பேரை எழுது" என்றார். "மறந்தது நான்தானே. காயில் கட்டுற மடையன் ஒருத்தன் தொலைச்சுட்டான்னு எழுது. ஊர் என்னைத் திட்டிட்டுப் போகட்டும். திட்டு எனக்குப் புதுசா?"

"அடுத்தவங்க பேரைப் போடக் கூடாது."

"அப்ப நானே வந்து எழுதறேன்."

"நீங்க வாத்தியார் இல்ல. அதுவுமில்லாம, எண்ணிட்டு இருக்கற ஆள்கிட்ட கொடுத்தேனே, அது யார் தப்பு? எனக்குத் தெரியாதா உங்க தலையாட்டலு? கடைசி நாள் வரைக்கும் பைக்குள்ளயே வெச்சுட்டுத் திரிஞ்சது யாரு? கவர் கிடைச்சதுக்கப்புறம் ஆறு நாள் வாயை மூடிட்டு இருந்தது யாரு?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"நீங்க சொன்னா? எனக்கு வாய் இல்லையா?"

அவர் அவிழ்க்க வேண்டிய கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, மூலை நறுக்கிய கவரை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளுடைய குட்டிப் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை நெஞ்சுவரை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் கதவுகள் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தன. முதலில் சின்ன டீச்சர் வாசித்தாள். "நான் இரண்டாம் வகுப்புக்கு ஒரு செருப்பு கறுப்பும் ஒரு செருப்பு பழுப்புமாகப் போட்டுக்கொண்டு வந்தேன். சாயங்காலம் வரை தெரியவில்லை." பெஞ்சுகள் குலுங்கின. "வீட்ல இன்னொரு ஜோடியும் அப்படித்தான் இருக்குமே டீச்சர்!" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். இன்னும் சிரிப்பு.

பெரிய டீச்சர் எழுந்தாள். நோட்டை மேஜையில் வைத்து, இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றிக்கொண்டாள்.

"நான் கணக்குப்பிள்ளையின் விடைத்தாளைக் கடைசி நாளுக்குள் ஆபீசில் சேர்க்கவில்லை."

சபை சிரித்தது. கணக்குப்பிள்ளை என்ற பெயரைக் கேட்டதுமே சிரிப்பு வந்துவிட்டது. மீதியை யாரும் காதில் வாங்கவில்லை. பதினோரு வருடமாக அவளே பழக்கி வைத்த சிரிப்பு. வாசலில் கரண்டியோடு நின்றிருந்த சமையலக்காவும், தன் மகள் பெயர் நோட்டில் ஏறிவிட்டதே என்று பல் தெரியச் சிரித்தாள். டீச்சர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சிரிக்காதீங்க" என்றாள். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நான் அதைக் கடைசி நாள் வரை கையில் வைத்திருந்து, போய்ச் சேர்ந்ததா என்று சரியாக விசாரிக்காமல் விட்டேன். அந்தத் தாளை யாரும் திருத்தவே இல்லை. நான் அது தெரியாமல் அவள் தேறவில்லை என்று வகுப்பில் சொன்னேன். நான் தெரிந்த பிறகும் ஆறு நாள் மறைத்தேன்."

சிரிப்பு முன்வரிசையில் முதலில் நின்றது. பிறகு ஒவ்வொரு பெஞ்சாகப் பின்னால் நின்றுகொண்டே போனது. கடைசியாக நின்றது வாசலில்தான். சமையலக்கா திரும்பிக் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

யாரோ ஒருவர் கொட்டகை வரை கேட்கிற குரலில், "விடுங்க டீச்சர், மனுஷன்னா தப்பு வராதா? ஊர் முன்னாடி சொன்னீங்களே, அதுக்கே பெரிய மனசு வேணும்" என்றார். இன்னொருவர் ஆமாம் போட்டார். அவர்கள் பாராட்டப் பாராட்ட அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கவரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள்.

சமையலக்கா தட்டுகளில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அக்கா..."

"நேத்து இங்கதான வந்தீங்க? ரெண்டு பேர் மட்டும்தான இருந்தோம்? வெயில்னு சொன்னீங்க." ஒரு தட்டு. இன்னொரு தட்டு. "என் மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியல. ஊர் முன்னாடி சொல்றது உங்களுக்குச் சுலபமா இருந்துச்சு. நாலு பேரு பெரிய மனசுன்னு சொல்லிட்டாங்க. நானும் ஒரு கூறுகெட்டவ, சேர்ந்து சிரிச்சேன்."

"என்னைத் திட்டுங்கக்கா."

"திட்டி? போன சீட்டு வருமா?" கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "வாங்க வீட்டுக்கு. அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா, அம்மா ஆறுதலுக்குச் சொல்றான்னு நெனப்பா."

பரிமாறுகிற வேலையைச் சின்ன டீச்சர் கையில் கொடுத்துவிட்டு இருவரும் தெருவில் நடந்தார்கள். மண் பறந்து கண்ணில் விழுந்தது. கடை வாசலைத் தாண்டும்போது டீச்சரின் புருஷன் இறங்கி, பின்னாலேயே வந்தார்.

கணக்குப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து ஒரு துணிப்பையின் காதைத் தைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றாள். டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது சமையலக்காவின் முகத்தையும் அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்தே சொன்னாள். "மறந்தது நான் கண்ணு" என்று டீச்சரின் புருஷன் பின்னாலிருந்து சொன்னார். அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பெண் அழவில்லை. கவரையே பார்த்தாள்.

"உள்ள இருக்கா டீச்சர்?"

"இருக்கு."

"யாரும் திருத்தலையா?"

"இல்லம்மா."

"நீங்க திருத்துங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

டீச்சர் படியில் உட்கார்ந்து அரக்கை உடைத்தாள். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். அந்தப் பெண் உட்காரவில்லை. தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டாள். காற்று தாளைத் தூக்கியது. டீச்சரின் புருஷன் குனிந்து இரண்டு மூலையையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்றில் ஒரு எழுத்துப் பிழை, அரை மார்க் போனது. எட்டாவது கேள்விக்கு வந்தபோது பின்னால் மூச்சு நின்றுவிட்டது.

"அது தப்புதானே டீச்சர்? தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் நாலு மணி நேரம், இன்னொரு குழாய் பன்னெண்டு. நான் மூணுன்னு போட்டுட்டேன். எட்டுன்னு வரணும்ல? நான் கேட்ட எல்லாரும் எட்டுன்னுதான் சொன்னாங்க. பதினாறு நாளா அதையேதான் போட்டுப் பார்க்கறேன். திரும்பத் திரும்ப எனக்கு மூணுதான் வருது."

டீச்சருக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. "மூணுதாம்மா. ரெண்டு குழாயும் சேர்ந்து ஊத்தினா ஒரு குழாயைவிடச் சீக்கிரம் நிறையுமா, மெதுவா நிறையுமா? எட்டுன்னு சொன்னவங்கதான் தப்பு."

சிவப்பில் சரி போட்டாள். கடைசியில் கூட்டினாள். ஐம்பதுக்கு நாற்பத்தாறரை.

"எத்தனை எடுத்தா போதும் டீச்சர்?"

சமையலக்கா வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தாள். டீச்சர் அதைப் பார்த்தாள். இன்னொன்றை மறைக்க அவளால் முடியாது.

"போன வருஷம் நாப்பது எடுத்த புள்ளைக்குக் கிடைச்சுது."

அந்தப் பெண் விரலை மடக்கவில்லை. மனசுக்குள்ளேயே கழித்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, காலை உதைத்துக்கொண்டு அழுதாள். டீச்சர் தொடப் போனாள், கையைத் தட்டிவிட்டாள். "போங்க டீச்சர். நீங்க போங்க" என்றாள். டீச்சர் போகவில்லை. போவதற்கு உரிமை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. படிக்குக் கீழே இறங்கி வெயிலில் நின்றாள். அவரும் பக்கத்தில் வந்து நின்றார்.

வெகுநேரம் கழித்து அந்தப் பெண் பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படியில் கிடந்த தாளை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சிவப்பு அடையாளமாக விரலை வைத்துப் பார்த்தாள். கூட்டலைத் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது போலிருக்கிறது. நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா, அத்தை வந்தா சொல்லிடு. நான் பஸ் ஏறல."

"ஏண்டி, என்னன்னு சொல்ல?"

"எனக்குக் கணக்கு வரும்மா" என்றாள்.